தோர்ணக்கலுக்குக் குடிபோன திருநெல்வேலிக்காரர்: வே. சா. அசரியாவின் இடப்பெயர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலிச் சபைகளில் அசரியா என்று சொன்னால், "முதல் இந்தியப் பேராயர்" என்ற அடைமொழியும் கூடவே வந்துவிடும். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் வேதநாயகம் சாமுவேல் அசரியா ஆங்கிலிக்கன் சபையின் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) பேராயராக அபிஷேகம் பெற்றது பெரிய காரியம்தான். ஆனால் அந்தப் பட்டத்தின் வெளிச்சத்தில், அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் எடுத்த ஒரு முடிவு மங்கிப்போயிற்று. 1909-இல், 35 வயதில், கைநிறைய வேலையும் நாடு முழுவதும் அறிமுகமும் இருந்த நிலையில், அவர் ஐதராபாத் நிஜாம் சமஸ்தானத்தின் தெலுங்குப் பகுதியில் இருந்த தோர்ணக்கல் என்ற சிற்றூருக்கு ஊழியம் செய்யக் குடிபோனார். அந்த முடிவு எப்படி உருவாயிற்று, அதைத் தாங்கிப் பிடித்தவர்கள் யார், போன இடத்தில் அவர் என்னவாக ஆனார் என்பதே இந்த ஆய்வின் பொருள். நட்பையும் விசுவாசத்தையும் தனித்தனியே வைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. அசரியாவின் வாழ்வில் அழைப்பு பெரும்பாலும் ஒரு நண்பரின் வாய்வழியாகவோ, நட்பு தந்த ஒரு வெட்கத்தின் வழியாகவோதான் வந்தது.

விட்டுப் புறப்பட்ட ஊர்

அசரியா 1874 ஆகஸ்ட் 17 அன்று வெள்ளாளன்விளையில் பிறந்தார். திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மண் தேரியையும் பனங்காட்டையும் பார்த்தவர்களுக்கு அந்த நிலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தந்தை தாமஸ் வேதநாயகம் இந்துக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவராகி, கிராம ஆயராக ஊழியம் செய்தவர். நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்து பெற்ற மகன் என்பதால் வேதாகமத்தின் அன்னாளைப் போலவே தாய் எலன் தம் மகனுக்குச் சாமுவேல் என்று பெயரிட்டார். அருகிலேயே மெஞ்ஞானபுரம், அங்குள்ள ஆலயத்தின் கூரிய கோபுரம் பனைகளுக்கு மேலே வெகுதூரத்துக்குத் தெரியும். ஆலயமணி, பாடசாலை, ஊர்ச் சபைக்குப் போதிக்கும் உபதேசியார், சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகை, சமைக்க உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து ஆலயத்துக்கென்று கலயத்தில் போட்டுவைக்கும் பெண்கள் என்று, அந்தச் சபை வாழ்க்கை தனக்குள் நிறைவான ஓர் உலகமாக இருந்தது. வறுமையோ வேலையின்மையோ அசரியாவை ஊரை விட்டுத் துரத்தவில்லை. இந்த நிகழ்வை ஆராயும்போது இதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் விட்டது இல்லாமையை அல்ல, இருப்பை.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துவிட்டு, 1895-இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் ஊழியத்தில் சேர்ந்தார். 1898-இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னாட்டில் கல்லூரிப் படிப்பு வரை போன முதல் கிறிஸ்தவப் பெண்களில் அன்பு ஒருவர். வரதட்சணை வாங்காமல் எளிமையாக நடந்த அந்தத் திருமணம் அக்காலத் திருநெல்வேலியில் பேசப்பட்ட ஒன்று. பின்னாளில் தோர்ணக்கலுக்குப் போனது ஒருவர் அல்ல, இருவர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். சபை வரலாறுகள் அன்பம்மாளை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, மொழி தெரியாத ஊரில் அடுப்பு மூட்டி, பெண்களிடையே ஊழியத்தைத் தொடங்கிய ஒருவரின் சம்மதம் இல்லாமல் இந்த நிகழ்வே இல்லை.

வெட்கத்தில் தொடங்கிய சங்கம்

1902-இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கே அவர் கண்டது அவரை உலுக்கியது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே காசு சேர்த்து, கடலுக்கு இப்பால் தமிழகக் கரையிலுள்ள தொண்டிப் பகுதியில் ஒரு மிஷன் ஊழியத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். நூறாண்டுகளுக்கு மேல் சுவிசேஷம் கேட்ட திருநெல்வேலியோ அதுவரை தன் எல்லைக்கு வெளியே தன் சொந்தச் செலவில் ஊழியம் எதையும் தொடங்கியிருக்கவில்லை. யாழ்ப்பாணப் பிள்ளைகள் நம் கரைக்கு ஆள் அனுப்புகிறார்கள், நாம் யாருக்கும் அனுப்பவில்லை என்ற உறுத்தலோடு ஊர் திரும்பினார். அந்த உறுத்தலிலிருந்து 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் பிறந்ததுதான் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம். 1905 டிசம்பர் 25 அன்று, ஆங்கில மிஷனெரி வில்லியம் கேரியின் நினைவைச் சுமக்கும் வங்காளத்துச் செராம்பூரில், கே. டி. பால் முதலிய நண்பர்களுடன் தேசிய மிஷனெரி சங்கத்தையும் தொடங்கினார். ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பதே அவர்களுடைய கொள்கை. வங்கப் பிரிவினையும் சுதேசியும் பேச்சாக இருந்த ஆண்டு அது என்பதை நினைத்தால், அந்தக் கொள்கை ஆலயத்துக்குள் மட்டும் பிறந்ததல்ல என்பது விளங்கும்.

திருநெல்வேலிச் சங்கம் தேர்ந்துகொண்ட வயல், வாரங்கல் பக்கத்துத் தெலுங்கு நாடு. 1904-இல் முதல் ஊழியர் புறப்பட்டார். அசரியா செயலர். கூட்டம் கூட்டினார், கடிதம் எழுதினார், காணிக்கை கேட்டார், வாலிபர்களிடம் "போங்கள்" என்று பேசினார். மற்றவர்களைப் போகச் சொல்லிக்கொண்டே தான் மட்டும் சென்னையில் இருப்பது எப்படித் தகும் என்ற கேள்வி சில ஆண்டுகளில் அவரையே திருப்பிப் பிடித்தது. செயலர் பதவிகளில் இருக்கும் பலர் இந்தக் கேள்வியை ஆயுள் முழுவதும் நாசூக்காகத் தள்ளிவைக்கிறார்கள். அதற்கு நியாயங்களும் எளிதில் கிடைக்கும். அசரியாவுக்கும் கிடைத்திருக்கும். 1909-இல் அவர் குருப்பட்டம் பெற்று, சங்கத்தின் ஊழியராகவே தோர்ணக்கலுக்குப் போனார்.

மூன்று நட்புகள்

இந்த முடிவுக்குப் பின்னால் நின்ற நட்புகளில் முதலாவது ஷெர்வுட் எடியுடையது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த எடி, 1896-இல் ஒய்.எம்.சி.ஏ. ஊழியத்துக்காக இந்தியா வந்தவர், வசதியான குடும்பத்துப் பிள்ளை, தமிழ் கற்றுக்கொண்டவர். இருவரும் சேர்ந்து ஊர் ஊராகப் பயணம் செய்தார்கள், சேர்ந்து பேசினார்கள், சேர்ந்து ஜெபித்தார்கள். வெள்ளைக்காரர் முன்னே நடக்க, தமிழர் மொழிபெயர்ப்பாளராகப் பின்னே நடக்கும் வழக்கமான காட்சியாக அது இருக்கவில்லை என்பதுதான் அந்த உறவின் புதுமை.

இரண்டாவது, சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட்டும் அவருடைய மனைவி இசபெல்லும் கொடுத்த நட்பு. (தத்துவ அறிஞர் ஆல்ஃபிரட் நார்த் வைட்ஹெட் இந்தப் பேராயரின் தம்பி.) அசரியாவைக் குருவாக்கவும் பின்னர் பேராயராக்கவும் வைட்ஹெட் தம்முடைய செல்வாக்கு முழுவதையும் செலவிட்டார். இங்கே ஆய்வாளர் சற்று நிற்க வேண்டும். எடியின் நட்பு சமவயதினருடைய நட்பு. வைட்ஹெட்டினுடையதோ அதிகாரத்தில் மேலே இருப்பவர் கீழே கைநீட்டித் தருவது. அப்படிப்பட்ட உறவில் நன்றி எங்கே முடிகிறது, கீழ்ப்படிதல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். நட்பைப் பற்றி அசரியா பிற்பாடு பேசிய கூர்மையான சொற்களுக்கு, நல்லதும் சங்கடமானதுமான இந்த அனுபவங்கள் எல்லாம் கலந்தே உரமாக இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, கே. டி. பால் போன்ற இந்திய நண்பர்கள். இவர்களிடம் விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமில்லாத ஒரு புரிதல் இருந்தது. உள்ளே அழைக்கப்படாமல் மிஷன் பங்களாவின் வராந்தாவில் நிற்க வைக்கப்படுவது என்ன என்று இவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

போன இடம்

திருநெல்வேலியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து பெசவாடா (இன்றைய விஜயவாடா), அங்கிருந்து கம்மம் வழியாகத் தோர்ணக்கல்: ரயில் பாதையில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். சிங்கரேணி நிலக்கரிக்காகப் பிரியும் கிளைப்பாதையால் தோர்ணக்கல் ஒரு சந்திப்பு நிலையமாகியிருந்தது. அதைத் தாண்டினால் காடும் சோளக்கொல்லையும்தான். அரசாங்க மொழி உருது, மக்களின் மொழி தெலுங்கு, வந்தவர்களின் மொழி தமிழ். இன்று அது தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் இருக்கிறது.

தெலுங்கு தமிழுக்கு அக்கம்பக்கத்து மொழிதானே என்று நினைப்பவர்கள் அதைப் பேசிப் பார்க்க வேண்டும். தமிழன் ஒரே 'க'வை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறான். தெலுங்கிலோ அதற்கு நான்கு எழுத்துகள், நான்கு ஒலிகள். 35 வயதுக்கு மேல் நாக்கைப் புதிதாக மடக்கிப் பழகிய ஒருவர், அந்த மொழியிலேயே பிரசங்கம் செய்து, ஆலோசனை சொல்லி, சண்டை தீர்த்து, முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார்.

அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்தினர். நிலமற்ற கூலிகள், தோல் தொழிலாளர்கள், தலைமுறைக் கடனில் கட்டுண்டவர்கள். தனித்தனி ஆட்களாக அல்ல, குடும்பம் குடும்பமாக, சேரி சேரியாக வந்தார்கள். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் நான்கு பிசாசுகள் என்று அசரியா சொல்லுவார். அவருடைய ஊழியத்தில் பிரசங்கத்தோடு பள்ளிக்கூடமும் மருத்துவமும் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்தே வந்ததற்கு அதுதான் காரணம். ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்று சொல்லும்படி செய்வார். முந்தின நாள் வரை ஊர்க்கிணற்றை அணுக முடியாதிருந்த ஒரு மாதிகா முதியவரின் தலையில் வேறு எவருடைய கையும் அல்ல, அவருடைய கையே இருக்கிறது. வாயில் அப்போஸ்தலன் பவுலின் வார்த்தை இருக்கிறது. அசரியாவின் இறையியல் முழுவதையும் இந்தச் சைகையில் பார்க்கலாம்.

எடின்பரோவில் ஒரு மாலை

தோர்ணக்கலில் ஓராண்டு முடிவதற்குள் ஸ்காட்லாந்து செல்லும் அழைப்பு வந்தது. 1910 ஜூன் 14 முதல் 23 வரை எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் கூடினர். அவர்களில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. ஜூன் 20 மாலை, அயல்நாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான ஒத்துழைப்பைப் பற்றிப் பேச அசரியா எழுந்தார். இன உறவே இன்றைய சபையின் முன் நிற்கும் மிகக் கடினமான பிரச்சினைகளில் ஒன்று என்று நேராகச் சொன்னார். கிறிஸ்துவின் மகிமையின் ஐசுவரியத்தை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் மட்டும் தனியே முழுமையாக அறிய முடியாது, இந்தியரும் சீனரும் ஜப்பானியரும் மட்டும் தனியேயும் அறிய முடியாது, சேர்ந்து உழைத்து, சேர்ந்து ஆராதித்து, சேர்ந்து கற்கும்போதே அறியலாம் என்றார். உரையின் இறுதியில், மிஷனெரிகளின் தியாகத்தை இந்தியச் சபை என்றென்றும் நன்றியோடு நினைக்கும் என்று சொல்லிவிட்டு, ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்கப்பட உங்கள் சரீரங்களைக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார்.

இந்தச் சொற்களின் கூர்மை தமிழ் வேதாகமத்தோடு வளர்ந்தவர்களுக்கு உடனே உறைக்கும். "எனக்கு உண்டான யாவற்றையும் நான் அன்னதானம்பண்ணினாலும், என் சரீரத்தைச் சுட்டெரிக்கப்படுவதற்குக் கொடுத்தாலும், அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை" என்று 1 கொரிந்தியர் 13 சொல்லுகிறது. நீங்கள் அன்னதானமும் செய்தீர்கள், சரீரத்தையும் கொடுத்தீர்கள் என்று முதல் இரண்டு பாதங்களை மட்டும் பாராட்டாகச் சொல்லி, அன்பைக் கேட்டு நிறுத்தினார். 'பிரயோஜனம் ஒன்றுமில்லை' என்ற முடிவைச் சொல்லவே இல்லை. அரங்கத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்த வசனம் மனப்பாடம். சொல்லாமல் விட்டதுதான் சுட்டது. சபையில் சலசலப்பு ஏற்பட்டதிலும், சில மிஷனெரிகள் மனம் புண்பட்டதிலும் வியப்பில்லை.

அந்த உரை வெள்ளையர்களை நோக்கிய குற்றச்சாட்டாகவே இன்றுவரை படிக்கப்படுகிறது. எனக்கு அது பாதி வாசிப்பாகத் தோன்றுகிறது. பேசியவர் அப்போது தாமே ஒரு மிஷனெரி. தம் மொழி அல்லாத மொழி பேசும் மக்களிடையே, தம்மைவிட ஏழைகளிடையே, கல்வியாலும் பதவியாலும் அவர்களுக்கு மேலே நிற்கும் ஒரு வெளியூர்க்காரர். எடின்பரோவில் கேட்ட கேள்வி தோர்ணக்கலில் அவருக்காகவும் காத்திருந்தது.

தண்ட்ரிகாரு

தெலுங்குச் சபை மக்கள் அசரியாவைத் 'தண்ட்ரிகாரு' என்று அழைத்தார்கள். 'தகப்பனார்' என்று பொருள். அன்பும் பயபக்தியும் நிறைந்த அழைப்புத்தான், ஆனால் நண்பனை அப்படி அழைப்பதில்லை. "இனி நான் உங்களை ஊழியக்காரரென்று சொல்லுகிறதில்லை... நான் உங்களைச் சிநேகிதர் என்றேன்" என்ற யோவான் 15-ஆம் அதிகார வசனத்தின் வழியில் வெள்ளையரிடம் சிநேகிதம் கேட்டவருக்குத் தம்முடைய சொந்த மந்தையிடம் தகப்பன் ஸ்தானமே கிடைத்தது. அவரே அதை ஏற்றுக்கொண்டும் வாழ்ந்தார். கண்டிப்பானவர், ஒழுங்கு பார்ப்பவர், மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போய்ச் சபையாரிடம் வேதபாடம் கேட்டு, விடை தெரியாவிட்டால் உபதேசியாரைத் திரும்பிப் பார்ப்பவர்.

இதை முரண்பாடு என்று சொல்லி அவரைக் குறைப்பது எளிது. நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். சிநேகிதம் என்பது அவருக்கு மனநிலை மட்டும் அல்ல, அதிகாரத்தைக் கைமாற்றும் ஏற்பாடும்கூட. எடின்பரோவில் அவர் கேட்டதன் உட்பொருள் அதுதான். தோர்ணக்கலில் செய்ய முயன்றதும் அதுதான். தெலுங்குக்காரர்களை உபதேசியாராக்கினார், குருமாராக்கினார், அவர்களுடைய பாட்டுக்கும் தாளத்துக்கும் திருவிழாவுக்கும் ஆலயத்தில் இடம் கொடுத்தார். என்றாலும், தமிழரின் தலைமையில் தெலுங்குச் சபை வளர்ந்த விதத்தில் ஒரு மேல்-கீழ் இருக்கத்தான் செய்தது. அதைத் தியாகம் என்ற சொல்லால் மூடிவிட முடியாது.

பேராயராக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்புகளும் இங்கே சொல்லத்தக்கவை. இந்தியரின் கீழ் ஐரோப்பியர் பணிசெய்வதா என்று மிஷனெரிகளில் பலர் கேட்டார்கள். திருநெல்வேலிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது; அதில் நாடார் ஒருவர் பேராயராவதா என்ற சாதிக் கசப்பும் கலந்திருந்தது. பிரிட்டிஷ் அரசோடு பிணைந்திருந்த ஆங்கிலிக்கன் சபைச் சட்டத்தின் சிக்கல்களைத் தாண்ட, தோர்ணக்கல் நிஜாமின் எல்லைக்குள் இருந்தது உதவியது. ஆக, சொந்த ஊரில் கிடைத்திருக்க முடியாத ஓர் இடம் தொலைதூரத்தில் கிடைத்தது. தொலைவு பறிப்பது மட்டுமல்ல, சில வேளைகளில் கொடுக்கவும் செய்கிறது என்பதற்கு இந்த நிகழ்வு நல்ல சான்று.

கல்லில் கட்டிய விடை

தோர்ணக்கல் பேராலயத்தைக் கட்டி முடிக்க கால் நூற்றாண்டு பிடித்தது. 1939 ஜனவரி 6 அன்று, கிறிஸ்து உலகுக்கு வெளிப்பட்டதைக் கொண்டாடும் எபிபெனித் திருநாளில், அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. மெஞ்ஞானபுரத்துக் கூர்ங்கோபுரத்தின் நிழலில் வளர்ந்தவர் அதைப் போன்ற ஒன்றை இங்கே எழுப்பவில்லை. கோயில் மண்டபத்தை நினைவூட்டும் கல்தூண்கள், மசூதிகளை நினைவூட்டும் கவிகைமாடங்கள், இவற்றுக்கிடையே சிலுவை என்று கட்டினார். இந்துக்களும் முஸ்லிம்களும் வாழும் நிஜாம் நாட்டில், வெளியிலிருந்து வந்த ஒரு மார்க்கம் எந்த உருவத்தில் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர் கொடுத்த விடை அது. தாம் பிறந்த ஊரின் கட்டடத்தை அங்கே பெயர்த்து நடாதது, ஊர்விட்டு ஊர் போன ஊழியர்கள் பலரால் செய்ய முடியாத துறவு. வீட்டைத் துறக்கலாம், வீட்டைப் பற்றிய ஞாபகத்தின் வடிவத்தைத் துறப்பது அதைவிடக் கடினம்.

அவருடைய நட்புக்கு எட்டாத எல்லைகளும் உண்டு. 1930-களில் ஒடுக்கப்பட்ட மக்களின் மதமாற்றத்தைப் பற்றிக் காந்திக்கும் அசரியாவுக்கும் இடையே கருத்து மோதல் கடுமையாயிற்று. கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்று சொன்ன தேசப்பற்றாளர் அவர். ஆனாலும் மாலாக்களும் மாதிகாக்களும் தங்கள் சுய விருப்பத்தால் விசுவாசத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்தார். அவர்களுக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது என்ற எண்ணம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அவருக்கு ஏற்கவில்லை.

1919-இல் தரங்கம்பாடியில் கூடி, தென்னிந்தியாவின் பிரிந்துகிடந்த சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறைகூவிய குழுவின் முன்னணியில் அவர் நின்றார். ஒரே சேரியில் இருவருக்கு இரண்டு வெளிநாட்டுச் சபைப் பெயர்களைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுப்பதன் அபத்தத்தைத் தெலுங்குக் கிராமங்களில் தினமும் கண்டவருக்கு ஐக்கியம் ஏட்டுப் பொருளாக இருந்திருக்க முடியாது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது. அதைக் காண அவர் இல்லை.

1945 ஜனவரி 1 அன்று அசரியா தோர்ணக்கலில் காலமானார். வெள்ளாளன்விளையிலிருந்து ரயில் வழியில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தள்ளி, அவர் கட்டிய பேராலயத்தின் அருகே, தெலுங்கு பேசும் மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.